எத்தனை பேரில்?

"பள்ளியில் 40 பிள்ளைகளுக்குச் சொத்தைப் பல்" என்று ஒரு செய்தி வந்தால் பதற வேண்டுமா, ஆறுதல் கொள்ள வேண்டுமா? எத்தனை பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்த்தார்கள் என்று தெரியும்வரை இரண்டும் முடியாது. 50 பேரில் 40 என்றால் அந்தப் பள்ளிக்கு நாளைக்கே பல் மருத்துவரை அனுப்ப வேண்டும். 1,000 பேரில் 40 என்றால் அங்கே என்ன செய்கிறார்கள் என்று மற்றப் பள்ளிக்காரர்கள் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

நோய்ப்பரவலியல் என்னும் துறை முழுவதும் இந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது. மருத்துவர் தம் எதிரே வந்து உட்கார்ந்தவரைப் பார்க்கிறார். நோய்ப்பரவலியலாளர் அந்த அறைக்கு வராதவர்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நோயாளிகளின் எண்ணிக்கை மேலே நிற்கும் தொகுதி. அவர்கள் எந்த மக்களிலிருந்து வந்தார்களோ அந்த மக்களின் எண்ணிக்கை கீழே நிற்கும் பகுதி. மேல் எண்ணைத் தேடிப் போக வேண்டியதில்லை, வலி வந்தவர்கள் தாங்களாகவே வந்துவிடுவார்கள். கீழ் எண்ணைத்தான் ஊர் ஊராக அலைந்து சேர்க்க வேண்டும். இந்தத் துறையின் உழைப்பு, பணம், சண்டை எல்லாம் அந்தக் கீழ் எண்ணுக்காகத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மொரீஷியஸில் பள்ளிப் பிள்ளைகளின் பற்களைப் பரிசோதிக்கும் குழுக்களில் பதிவாளராக வேலை செய்தவள் நான். பல் மருத்துவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வது என் வேலை. கேட்பதற்கு எளிய வேலையாகத் தோன்றும். ஆனால் நாட்டின் புள்ளிவிவரம் என்று பிறகு அச்சாகும் எண்கள் முதன்முதலில் காகிதத்தில் இறங்கும் இடம் அந்தப் பதிவாளரின் மேசைதான். அதனால் அதை எப்படிச் செய்வோம் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெளிச்சம் நன்றாக விழும் ஒரு சன்னல் ஓரத்தில் நாற்காலி போடுவோம். மருத்துவரின் கையில் ஒரு சிறு கண்ணாடியும் நுனியில் உருண்டை வைத்த ஓர் அளவுகோலும் இருக்கும். அந்த உருண்டையின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். ஈறைக் குத்திவிடாமல் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள இடுக்கை அளக்க அது வேண்டும். நான் அவருடைய குரல் தெளிவாகக் கேட்கும் தூரத்தில் உட்கார வேண்டும். நான் எழுதுவது அவருடைய கண்ணுக்கும் படவேண்டும். ஒவ்வொரு பல்லுக்கும் ஈரிலக்க எண் ஒன்று உண்டு. மேல் வலது பக்கத்து முதல் கடைவாய்ப் பல் 16. அந்த எண்ணைச் சொல்லிவிட்டு அதன் நிலையைச் சொல்லுவார். பூஜ்யம் என்றால் நல்ல பல். 1 என்றால் சொத்தை. 2 என்றால் அடைத்த பல்லில் மறுபடியும் சொத்தை. 3 என்றால் அடைத்து, சரியாக இருக்கும் பல். 4 என்றால் சொத்தையால் பிடுங்கப்பட்ட பல். "பதினாறு, ஒன்று. பதினைந்து, பூஜ்யம். பதினான்கு, பூஜ்யம்" என்று வாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போய், கீழ்த்தாடையில் திரும்பி வருவார்.

அந்தப் பதினாறாம் எண்ணைப் பற்றி ஒரு சொல். ஆறு வயதில், எந்தப் பால் பல்லும் விழாமலேயே, எல்லாப் பால் பற்களுக்கும் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கும் நிரந்தரப் பல் அது. பல் எதுவும் விழாததால் பெற்றோர் பலருக்கு அது வந்ததே தெரிவதில்லை. தெரிந்தாலும் பால் பல் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். அதன் மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் உண்டு. வாயில் முதலில் சொத்தையாவது பெரும்பாலும் அதுதான். ஆயுள் முழுவதும் மெல்ல வேண்டிய பல், பிள்ளை தொடக்கப் பள்ளியை முடிப்பதற்குள் குழிவிழுந்து போகிறது. இதைப் படிக்கும் பெற்றோர் இன்றைக்கே தங்கள் பிள்ளையின் வாயைத் திறந்து மேலும் கீழும் இரு பக்கமும் ஒவ்வொன்றாக உள்ள அந்த நான்கு பற்களையும் பார்த்தால் நான் மகிழ்வேன்.

சொத்தையான பல், சொத்தையால் இழந்த பல், அடைத்த பல் ஆகிய மூன்றையும் கூட்டினால் வரும் எண்ணை டி.எம்.எஃப்.டி. குறியீடு என்பார்கள். அமெரிக்காவின் ஹேகர்ஸ்டவுன் நகரத்துப் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்த கிளைன், பால்மர், நட்சன் என்ற மூவர் 1938-ல் உருவாக்கியது. இன்றுவரை உலகெங்கும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் நாடுகளை ஒப்பிடும்போது முக்கியமாக எடுத்துக்கொள்வது 12 வயதுப் பிள்ளைகளின் சராசரியை. அந்த வயதில் ஞானப்பல் தவிர்த்த நிரந்தரப் பற்கள் பெரும்பாலும் வந்துவிடும். பிள்ளைகள் தொடக்கப் பள்ளியை முடிக்கும் பருவமும் அதுதான். அதற்குப் பிறகு அவர்களை ஒரே இடத்தில் பிடிப்பது கடினம்.

இந்தக் குறியீட்டுக்கு ஒரு விநோதம் உண்டு. அது கூடுமே தவிரக் குறையாது. அடைத்த பல் அடைத்த பல்லாகவே கணக்கில் நிற்கும். பிடுங்கிய பல்லும் நிற்கும். ஆகவே அது இன்றைய நோயை மட்டும் காட்டுவதில்லை, அந்த வாய்க்கு இதுவரை நடந்த அனைத்தையும் காட்டுகிறது. ஒரே வகுப்பில் இரண்டு பிள்ளைகள். இரண்டு பேருக்கும் குறியீடு 3. ஒருத்திக்கு மூன்று பல்லும் வெள்ளைப் பூச்சால் அழகாக அடைக்கப்பட்டிருக்கின்றன. மற்றவளுக்கு இரண்டில் குழி, ஒன்று பிடுங்கப்பட்டுவிட்டது. சராசரி எடுக்கும் மேசையில் இரண்டும் ஒரே மூன்றுதான். அதனால்தான் கூட்டுத்தொகையை மட்டும் வெளியிடும் அறிக்கையை நான் அரை அறிக்கை என்பேன். மூன்று பகுதிகளையும் பிரித்துக் காட்டினால்தான் நோய் எவ்வளவு, மருத்துவம் எவ்வளவு எட்டியிருக்கிறது என்ற இரண்டும் தெரியும்.

சராசரிக்குள் இன்னொரு மறைவும் இருக்கிறது. சொத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் பங்கிட்டு வருவதில்லை. பெரும்பாலான வாய்களில் ஒன்றுமே இருக்காது. சில வாய்களில் ஏழு, எட்டு என்று குவிந்திருக்கும். வகுப்பின் சராசரி 1 என்று வந்தால் "ஆளுக்கு ஒரு பல்தானே" என்று அதிகாரிகள் நிம்மதியாகிவிடுவார்கள். ஆனால் அந்த எட்டுப் பல்லும் சொத்தையான பிள்ளை இரவில் தூங்குவதில்லை. இதைச் சரிசெய்ய டக்ளஸ் பிராட்டால் என்ற சுவீடன் நாட்டுப் பல் மருத்துவப் பேராசிரியர் 2000-ல் ஒரு வழி சொன்னார். பிள்ளைகளை வரிசைப்படுத்தி, மிக மோசமான மூன்றில் ஒரு பங்கினரின் சராசரியை மட்டும் தனியாக எடுத்துக் காட்டுங்கள் என்றார். எனக்கு மிகவும் பிடித்த குறியீடு அது. யாருக்காகக் கணக்கெடுக்கிறோமோ அவர்களை அது கண்முன் நிறுத்துகிறது.

கீழ் எண்ணுக்கு வருகிறேன். ஒரு பள்ளியில் முதல் நாள் வராத பையனை மறுநாள் அவன் பாட்டி கையைப் பிடித்து அழைத்து வந்தார். "நேற்று ஏன் அனுப்பவில்லை அம்மா?" என்று கேட்டேன். "பல் வலியில் இரவெல்லாம் அழுதான் மகளே, அதனால்தான் வீட்டில் படுக்க வைத்தேன்" என்றார். அந்தப் பாட்டி மறுநாள் கொண்டுவராமல் இருந்திருந்தால், அந்தப் பையன் "வராதவர்" என்ற ஒரு கட்டத்தில் போய் விழுந்திருப்பான், அவனுடைய பற்களும் அவனோடு கணக்கிலிருந்து விழுந்திருக்கும். வராதவர்கள் தற்செயலாக வராமல் இருந்தால் பாதகமில்லை. எந்த நோயை எண்ணுகிறோமோ அந்த நோயினாலேயே வராமல் போனால், நம் எண் நோயைக் குறைத்துக் காட்டும். தெரிவுப் பிழை என்று பாடப் புத்தகம் சொல்வது இதைத்தான். கோயில் மண்டபத்தில் நடக்கும் இலவசப் பல் பரிசோதனை முகாம்கள் இதற்கு மறுபக்கம். அங்கே வருபவர்கள் ஏற்கெனவே வலியோடு இருப்பவர்கள், அல்லது உடம்பைப் பற்றி எப்போதும் கவலைப்படுபவர்கள். முகாம் நல்ல காரியம்தான், தாராளமாக நடக்கட்டும். ஆனால் முகாமுக்கு வந்தவர்களில் இத்தனை சதவீதம் என்பதை ஊரில் இத்தனை சதவீதம் என்று எழுதக்கூடாது.

அளப்பவரின் கண்ணும் ஒரு பிரச்சினை. ஒரு மருத்துவருக்குக் கறையாகப் படுவது மற்றவருக்குச் சொத்தையாகப் படும். அதனால் தொடங்குமுன் எல்லாரும் ஒரே பிள்ளைகளைப் பார்த்து, தங்கள் முடிவுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று கணக்கிட்டுக்கொள்வார்கள். இடையிடையே பத்தில் ஒரு பங்குவரை பிள்ளைகளை மறுபடியும் அழைத்துப் பார்ப்பார்கள், காலையில் சொன்னதையே மாலையிலும் சொல்கிறார்களா என்று சோதிக்க. தொடக்கநிலை வெண்புள்ளிகளைப் பொதுவாக எண்ணுவதில்லை. குழி விழுந்தால்தான் சொத்தை. இந்த வரையறையைச் சொல்லாமல் இரண்டு நாடுகளை ஒப்பிடுவது வீண் வேலை.

இந்தத் தீவில் பிள்ளைகளின் உடம்பைத் தொட்டு ஊரின் நோயை அளந்தது பல் மருத்துவர்கள் மட்டுமல்ல. 1907 நவம்பரில் ரொனால்ட் ராஸ் இங்கே வந்து இறங்கினார். 1897-ல் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்து, 1902-ல் நோபல் பரிசு பெற்ற அதே ராஸ். மொரீஷியஸில் மலேரியாவை எப்படி ஒழிப்பது என்று அறிக்கை தர அழைக்கப்பட்டிருந்தார்.

அவர் வருவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன், 1866 முதல் 1868 வரை, இந்தத் தீவை மலேரியா அடித்துப் போட்டிருந்தது. 40,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மாண்டவர்களில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் மக்களும் ஏராளம். வசதியுள்ளவர்கள் கடலோரத் தலைநகரான போர்ட் லூயிஸை விட்டுக் கொசு குறைந்த மேட்டு நிலத்துக்கு ஏறிப் போனார்கள். கியூர்பைப் நகரம் வளர்ந்தது அப்படித்தான். அதன் பிறகு போர்ட் லூயிஸின் மரண வீதத்தைக் கியூர்பைப்பின் வீதத்தோடு ஒப்பிடுபவர் இரண்டு ஊர்களின் காற்றை மட்டும் ஒப்பிடவில்லை. ஏறிப் போக முடிந்தவர்களையும் முடியாதவர்களையும் ஒப்பிடுகிறார். நோய்க்கும் காரணத்துக்கும் நடுவே புகுந்து இரண்டையும் தொட்டுக்கொண்டு நிற்கும் இப்படிப்பட்ட மூன்றாவது ஒன்றைக் குழப்பும் காரணி என்பார்கள். ஏழ்மையைப் போல அடிக்கடி அந்த இடத்தில் வந்து நிற்பது வேறெதுவும் இல்லை.

1866-ல் வந்தது கொள்ளைநோய். ராஸ் பார்த்தது, கொள்ளை அடங்கி ஊரிலேயே குடியமர்ந்துவிட்ட நோய். இந்த இரண்டுக்கும் வேறுபாடு எண்ணிக்கையின் பருமனில் இல்லை. வழக்கமாக எதிர்பார்க்கும் அளவைத் தாண்டிவிட்டதா என்பதுதான் கேள்வி. மலேரியா ஆண்டு முழுவதும் இருக்கும் நாட்டில் ஒரு மாவட்டத்தில் நூறு பேருக்குக் காய்ச்சல் வருவது வழக்கமாக இருக்கலாம். இன்றைய மொரீஷியஸில் உள்ளூர்க் கொசுவிடமிருந்து ஒரே ஒருவருக்கு மலேரியா வந்தாலும் அது அவசர நிலை. எதிர்பார்த்த அளவு பூஜ்யம்.

ராஸின் குழுவினர் மருத்துவமனைப் பதிவேடுகளை மட்டும் நம்பியிருக்கவில்லை. பிள்ளைகளைத் தேடிப் போய், இடது விலாவுக்குக் கீழே கையை வைத்து மண்ணீரலைத் தடவிப் பார்த்தார்கள். திரும்பத் திரும்ப மலேரியா வந்தவருக்கு மண்ணீரல் வீங்கிவிடும். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வீங்கியிருக்கிறது என்பதே அந்த ஊரின் மலேரியா அளவு. ஏன் பிள்ளைகள்? பெரியவர் எங்கெங்கோ வாழ்ந்திருப்பார், கப்பலில் வந்திருப்பார், காலப்போக்கில் கொஞ்சம் எதிர்ப்புச் சக்தியும் பெற்றிருப்பார். பிள்ளை பிறந்த ஊரைத் தவிர வேறெங்கும் இருந்ததில்லை. அதன் உடம்பில் இருப்பது இந்த ஊரில், அண்மையில் நடந்தது. பன்னிரண்டு வயது வாயை நாங்கள் எண்ணுவதற்கும் இதுவே ஆழமான காரணம். அறுபது வயதுக்காரரின் பல் வரிசையில் அவர் தாயின் சமையலறை முதல் முந்தைய அரசுகள் வரை எல்லாம் கலந்து கிடக்கும். பிள்ளையின் வாயில் கடந்த ஆறு ஆண்டு மட்டுமே இருக்கிறது.

ராஸ் இன்னொன்றும் செய்தார், அதுதான் உலக முழுவதும் பரவியது. கொசுக்களை ஒழித்தால் மலேரியா போய்விடும் என்றபோது, தீவிலுள்ள அத்தனை கொசுவையும் கொல்ல முடியுமா என்று மற்றவர்கள் கேட்டார்கள். வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு நோயாளியிடமிருந்து கொசுக்கள் வழியாகப் புதிதாக எத்தனை பேருக்குத் தொற்றும் என்பது ஒன்றுக்குக் கீழே போய்விட்டால், நோய் தானாகவே தேய்ந்து மறையும். அதற்கு மனிதருக்கு இத்தனை கொசு என்ற விகிதத்தை ஒரு வரம்புக்குக் கீழே தள்ளினால் போதும். 1908-ல் வந்த மொரீஷியஸ் அறிக்கையில் அந்தக் கணக்கு இருக்கிறது. கோவிட் காலத்தில் தொலைக்காட்சியில் தினமும் கேட்ட 'ஆர்' எண்ணின் வேர்களில் ஒன்று இந்தக் கரும்புக் காட்டில் இருக்கிறது என்று நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. நம் பள்ளிகளில் இதை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை. சொல்லித் தர வேண்டும்.

மலேரியா ஒடுங்கத் தொடங்கிய பிறகு வந்தது நீரிழிவு. எந்தத் தமிழ்க் குடும்பத்தில் இல்லை? 1987-ல் இங்கே தொற்றா நோய்களுக்கான முதல் பெரிய கணக்கெடுப்பு நடந்தது. மருத்துவமனைக்கு வந்தவர்களை எண்ணாமல், சில பகுதிகளைத் தெரிந்தெடுத்து, அங்குள்ள வயது வந்தவர்களை வெறும் வயிற்றில் வரச் சொல்லி, குளுக்கோஸ் கரைசல் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்தார்கள். நீரிழிவு இருந்தும் தமக்கே தெரியாமல் இருந்தவர்கள் ஏராளமாக வெளிப்பட்டார்கள். இந்திய வம்சாவளியினரிடம் மட்டும் அதிகமாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பும் உடைந்தது. ஆப்பிரிக்க வம்சாவளிக் கிரியோல் மக்களிடமும் சீன வம்சாவளியினரிடமும் உயர்வாகவே இருந்தது. அதற்குப் பின் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே போன்ற கணக்கெடுப்பு நடந்து வருகிறது. 2009, 2015, 2021 கணக்கெடுப்புகளில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு.

ஐந்தில் ஒருவர் என்பது பரவல் வீதம். ஒரு குறிப்பிட்ட நேரத்தில் நோயோடு இருப்பவர்கள் எத்தனை பேர் என்பதை அது சொல்கிறது. இந்த ஆண்டு புதிதாக எத்தனை பேருக்கு வந்தது என்பது வேறு. அது நிகழ்வு வீதம். கோயில் குளத்தில் நிற்கும் தண்ணீரின் மட்டம் பரவல். வாய்க்கால் வழியாக உள்ளே வந்து விழுவது நிகழ்வு. மட்டம் ஏறினால் வரத்து கூடிவிட்டது என்று உடனே முடிவு கட்டக்கூடாது. மடை அடைபட்டு வெளியேறுவது குறைந்திருக்கலாம். நீரிழிவு குணமாவது அரிது, ஆகவே வெளியேற்றம் என்பது பெரும்பாலும் மரணம். நல்ல மருந்தும் நல்ல கவனிப்பும் கிடைத்து நீரிழிவுக்காரர்கள் நீண்ட நாள் வாழ்ந்தால் பரவல் வீதம் உயரும். அதைத் தோல்வி என்று எழுதும் பத்திரிகைகள் மீது எனக்குக் கோபம் வருகிறது. அதே போலப் பரவல் பல ஆண்டுகள் ஒரே மட்டத்தில் நின்றால் அதைச் சாதனை என்றும் உடனே கொண்டாட முடியாது. வரத்தையும் வெளியேற்றத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும். சளிக்காய்ச்சலில் இதற்கு நேர்மாறு: நிகழ்வு வீதம் மிக அதிகம், ஒரு வாரத்தில் சரியாகிவிடுவதால் எந்த ஒரு நாளிலும் பரவல் குறைவு.

வயதையும் மறக்கக்கூடாது. மக்கள்தொகை முதுமையடைந்தால், எந்தத் தீய பழக்கமும் கூடாமலேயே நீரிழிவுப் பரவல் கூடும். அதனால் பழைய ஆண்டையும் புதிய ஆண்டையும் ஒப்பிடும்முன் இரண்டிலும் வயதுப் பங்கீடு ஒன்றாக இருந்தால் எப்படியிருக்கும் என்று கணக்கைச் சரிசெய்துகொள்வார்கள். வயதுச் சீராக்கம் என்பது அதன் பெயர்.

1987-ல் அரசு இன்னொரு காரியமும் செய்தது. எல்லார் வீட்டிலும் புழங்கிய மலிவு விலைச் சமையல் எண்ணெய் அதுவரை பெரும்பகுதி பாமாயில். அதை முழுவதும் சோயா எண்ணெயாக மாற்றினார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1992-ல் மறுபடியும் இரத்தம் எடுத்தபோது மக்களின் இரத்தத்தில் சராசரிக் கொழுப்பு (கொலஸ்டிரால்) லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7-ஆக இறங்கியிருந்தது. யாரும் யாருக்கும் உபதேசம் செய்து வந்த இறக்கம் அல்ல இது. அந்த இறக்கம் முழுவதற்கும் எண்ணெய் ஒன்றே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. அதே ஆண்டுகளில் புகைப்பதும் குறைந்தது, உடற்பயிற்சி கூடியது, உடல் பருமனும் கூடியது. ஒப்பிட வேறொரு மொரீஷியஸ் இல்லை. ஆனாலும் எண்ணெயின் பங்கு கணிசமானது என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆபத்து மிகுந்த சிலரைத் தேடிப்பிடித்துத் திருத்துவதைவிட, எல்லாரையும் ஒரு சிறு அளவு நகர்த்துவது அதிகப் பேரைக் காப்பாற்றும் என்று ஜெஃப்ரி ரோஸ் என்ற ஆங்கிலேய நோய்ப்பரவலியலாளர் 1985-ல் வாதிட்டார். நம் தீவின் எண்ணெய்க் குப்பி அதற்கு உயிருள்ள சாட்சி.

சர்க்கரையிலும் இதே பாதையில்தான் போக வேண்டும். 2013 முதல் இங்கே குளிர்பானத்தில் உள்ள சர்க்கரையின் ஒவ்வொரு கிராமுக்கும் வரி உண்டு. நான் அதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். பல்லைப் பொறுத்தவரை எவ்வளவு சர்க்கரை என்பதோடு எத்தனை தடவை என்பதும் சேர்ந்தே கணக்காகிறது. ஒவ்வொரு தடவையும் வாயிலுள்ள நுண்ணுயிர்கள் அமிலம் சுரந்து பல்லைக் கரைக்கின்றன. உமிழ்நீர் அதைச் சரிசெய்ய நேரம் வேண்டும். சந்தையில் ஒரு கோப்பை அலுடா என்னும் இனிப்புப் பால் பானத்தை உட்கார்ந்து குடித்து முடிப்பவரைவிட, இனித்த வனிலாத் தேநீரை நாள் முழுவதும் மடக்கு மடக்காகக் குடிப்பவரின் பல்லுக்கு ஆபத்து அதிகம். இந்த அறிவு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1940-களில் சுவீடனின் விபேஹோல்ம் விடுதியில், அறிவு வளர்ச்சி குன்றியவர்களுக்குப் பல்லில் ஒட்டும் மிட்டாய்களை வேளைகளுக்கு நடுவே கொடுத்து, சொத்தை எப்படிப் பெருகுகிறது என்று பார்த்தார்கள். மறுக்கத் தெரியாதவர்களின் பற்களைக் கெடுத்துப் பெற்ற அறிவு அது. பயன்படுத்துகிறோம், ஆனால் அவர்களை மறந்துவிட்டுப் பயன்படுத்தக்கூடாது.

நீரிழிவும் வாயும் சந்திக்கும் இடம் ஈறு. நீரிழிவு கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஈறு நோய் அதிகமாகவும் கடுமையாகவும் வருகிறது. ஈறிலுள்ள நாட்பட்ட அழற்சி இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்குகிறது. அம்பு இரண்டு பக்கமும் பாய்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரே நாளில் எடுத்த கணக்கெடுப்பு, இரண்டும் சேர்ந்திருக்கின்றன என்று மட்டும்தான் சொல்லும். எது முதலில் வந்தது என்று சொல்லாது. புகைபிடிப்பவருக்கு ஈறும் கெடும், இதயமும் கெடும். அதைப் பார்த்து ஈறுதான் இதயத்தைக் கெடுத்தது என்று எழுதிவிட முடியாது. 1965-ல் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலாளர் காரணத்தை எடைபோட ஒன்பது கோணங்களைச் சொன்னார். அவற்றில் விலக்கே இல்லாதது ஒன்றுதான்: காரணம் விளைவுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். அதை அறிய ஒரே மக்களை ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும்.

அப்படித் தொடரப்பட்டவர்களில் தமிழர்களும் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. நார்வே நாட்டு ஹரால்ட் லூ என்பவரும் அவர் தோழர்களும் 1970-ல் இலங்கையில் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் ஈறுகளை அளக்கத் தொடங்கினார்கள். பல் துலக்கும் பழக்கமோ பல் மருத்துவமோ எட்டாத தோட்டத் தமிழர்கள். 15 ஆண்டுகள் அவ்வப்போது அளந்தார்கள். எல்லாருடைய பல்லிலும் அழுக்குப் படலமும் காரையும் நிறைந்திருந்தன, ஏறக்குறைய எல்லா ஈறுகளும் வீங்கியிருந்தன. ஆனால் முடிவு எல்லாருக்கும் ஒன்றாக இல்லை. ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்கு ஈறு வேகமாகக் கழன்றது. 35 வயதில் பல்லின் பிடிப்பு சராசரியாக 9 மில்லிமீட்டர் இறங்கிவிட்டது. 81 சதவீதத்தினருக்கு மிதமாக, 4 மில்லிமீட்டர். மீதி 11 சதவீதத்தினருக்கு ஈறு வீங்கியதோடு நின்றது, பிடிப்பு ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை. அழுக்கு இருந்தால் பல் போகும் என்ற எளிய வாய்பாடு அங்கே உடைந்தது. ஒரே அழுக்கு, மூன்று விதி. ஆபத்துக் காரணி என்பது ஆபத்தைக் கூட்டுவது, தலையெழுத்தை எழுதுவது அல்ல என்பதை உலகப் பல் மருத்துவம் அந்த வாய்களிலிருந்து கற்றது.

நானும் தோட்டக் கூலிகளின் வம்சம். அந்த அட்டவணையை முதலில் பார்த்தபோது என் கண் போய் நின்ற இடம் வேறு. 1970-ல் 480 பேர். 1985-ல் கடைசியாக அளக்கப்பட்டவர்கள் 161 பேர். தொடராய்வில் இடையில் விடுபட்டவர்கள் என்று பாடப் புத்தகம் இதை ஒரு வரியில் முடித்துவிடும். விடுபட்டவர்கள் மீதியிருப்பவர்களைப் போலவே இருந்தார்களா என்று கேட்கச் சொல்லும். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தப் பதினைந்து ஆண்டுகளில்தான் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி தோட்டத் தமிழர்கள் பெருந்தொகையாக இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். 1977-லும் 1983-லும் வன்முறை அவர்கள் வாழ்ந்த லயங்கள் என்னும் வரிசை வீடுகள்வரை வந்தது. கீழ் எண் சுருங்குவதற்கு வரலாறும் ஒரு காரணம். இந்த ஆய்வு நடந்ததே அவர்களுக்குப் பல் மருத்துவம் கிடைக்காததால்தான் என்பதையும் நான் எங்கே இதைப் பேசினாலும் சேர்த்தே சொல்கிறேன்.

கடைசியாக, பூஜ்யத்தைப் பற்றி. மொரீஷியஸுக்கு மலேரியா ஒழிந்த நாடு என்ற சான்றிதழ் 1973-ல் கிடைத்தது. 1975 பிப்ரவரியில் ஜெர்வேஸ் புயல் அடித்தது. இடிந்ததைக் கட்ட மலேரியா உள்ள நாடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள், தேங்கிய நீரில் கொசு பெருகியது, நோய் திரும்பிவிட்டது. 1982-ல் ஓர் ஆண்டில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்களுக்கு வந்தது. அதை மறுபடியும் விரட்ட 1990-களின் கடைசிவரை ஆயிற்று. கொசு இன்னும் இங்கேதான் இருக்கிறது. அதனால் மலேரியா உள்ள நாடுகளிலிருந்து வருபவர்களின் விவரத்தை விமான நிலையத்திலேயே எழுதிக்கொள்கிறார்கள், பிறகு சுகாதார அலுவலர் வீட்டுக்கு வந்து விரலில் குத்தி இரத்தம் எடுக்கிறார்.

பழனிக்குப் போய்விட்டு வந்த என் பெரியம்மாவைத் தேடி அப்படி ஒருவர் வந்தார். "எனக்குக் காய்ச்சலே இல்லையே தம்பி" என்று கிரியோல் மொழியில் சொல்லிக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார் பெரியம்மா. "இல்லை என்று எழுதுவதற்கும் உங்கள் இரத்தம் வேண்டும் அம்மா" என்றார் அவர். துளி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, எண் எழுதிப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

அவர் சொன்னது கணக்குப்படியும் சரி. 300 பேரைச் சோதித்து ஒருவருக்கும் நோய் இல்லை என்றால், உண்மையான வீதம் நூறில் ஒன்றுவரை இருப்பதற்கு இன்னும் இடம் இருக்கிறது. 3,000 பேரைச் சோதித்தும் பூஜ்யம் என்றால் அது ஆயிரத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. சோதித்தவர்களின் தொகையால் மூன்றை வகுத்தால் ஏறக்குறைய அந்த மேல் வரம்பு கிடைக்கும். மேலே பூஜ்யம் இருக்கும்போது நம்மிடம் இருப்பது கீழ் எண் மட்டும்தான். பெரியம்மாவின் விரல் அதில் ஒன்று.